எட்டு என்றால் என்ன எட்டு

இறைவனைப் பாடிய பெரியோர் எவரும் எண்ணை அநாதையாக விட்டதில்லை. முக்கண் என்றார்கள், எண்தோள் என்றார்கள், ஐந்தெழுத்து என்றார்கள். மூன்றே, எட்டே, ஐந்தே என்று வெறுமனே விளித்து எவரும் கண்ணீர் மல்கியதாக நான் அறியேன். இளமை தொட்டு அந்தப் பதிகங்களை ஓதி வளர்ந்தவன் நான். எண் ஒன்று காதில் விழுந்தால், அதன் பின்னே அதற்குரிய பொருள் வந்து நிற்கும்வரை என் மனம் அமைதி கொள்ளாது. அப்படிப்பட்ட என்னை, எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ஒரு மனிதருக்கு அண்டை வீட்டுக்காரனாக வாழ வைத்தது எந்த வினையின் பயனோ என்று ஈசனிடம் பலமுறை முறையிட்டிருக்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் சாலையை விட்டு விலகி, கரிசல் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர் எங்களுடையது. அங்கே அவரைச் சின்னவர் என்று அழைப்பார்கள். தலை நரைத்துப் பேரன் எடுத்த பிறகும் சின்னவர்தான். ஏனென்றால் அவருக்கு மூத்தவராகப் பெரியவர் ஒருவர் இருந்தார். பெரியவர் காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் தம்பியின் பட்டத்தை உயர்த்த வேண்டும் என்று ஊரில் எவருக்கும் தோன்றவில்லை. குள்ளமான, கட்டுக்குட்டான உருவம். பருத்தியும் உளுந்தும் விளையும் சொந்த நிலம். எவர் எது கேட்டாலும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். கேட்டவர் அந்த எண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

மழை பெய்த மறுநாள் காட்டிலிருந்து திரும்புவார். "எப்படிப் பெஞ்சிருக்கு?" என்று கேட்டால் "ரெண்டு" என்பார். இதை எங்கள் ஊரார் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். கரிசல் மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதை உழவுக் கணக்கில் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஏர் ஒருமுறை கீறும் ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் ஓர் உழவு மழை. அதுவரை குற்றமில்லை. ஆனால் உழவுக்குச் செல்லுபடியான அதே நாணயத்தை அவர் உலகம் முழுவதற்கும் நீட்டினார். அங்கேதான் எங்கள் துன்பம் தொடங்கியது.

கோவில்பட்டி பஸ் எப்போது வரும் என்று வளையல் வியாபாரி ஒருவர் அவரிடம் கேட்டார். "பத்து" என்றார் சின்னவர். வியாபாரி பத்து நிமிடம் நின்றார். பின்னர், பத்து மணியைத்தான் சொல்கிறார் போலும் என்று எண்ணி, வளையல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் அமர்ந்தார். பத்து மணியும் கடந்தது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு பஸ் வந்தது. அதன் நெற்றியில் பத்து என்று எழுதியிருந்தது. வியாபாரி ஏறும்போது சின்னவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கண்டேன். அதில் இருந்த சாபம் என்மேலும் கொஞ்சம் தெறித்தது.

இன்னொருமுறை அவருக்கு இடுப்பு வலி. மனைவி வற்புறுத்திக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் இளைஞர், பொறுமைசாலி.

"எத்தனை நாளா வலிக்குது ஐயா?"

"நாலு."

"நாலு நாளா?"

சின்னவர் என்னைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்ற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"நாலு மாசமோ?" என்றார் டாக்டர்.

"ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றார் மனைவி. "எனக்கே தெரியாது டாக்டரய்யா. வீட்ல நேத்துதான் வலிக்குன்னாவ."

நாலு வருஷம். சின்னவர் சொன்னபோது டாக்டர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். நாலு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்த அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவையெல்லாம் மனிதர்க்கு நேர்ந்தவை, பொறுத்துக்கொள்ளலாம். தெய்வத்துக்கே நேர்ந்ததை எப்படிப் பொறுப்பது? எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சிறியது. அதன் பூசைக் காரியங்களை என் குடும்பம் கவனித்து வந்தது. ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிஷேகம் செய்வோம். வடித்த சோற்றால் லிங்கத் திருமேனி முழுவதையும் மூடி அலங்கரிப்பது அது. ஓராண்டு, அரிசி முழுவதும் தன் பொறுப்பு என்று சின்னவர் முன்வந்தார்.

"எவ்வளவு அனுப்புதீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"ஆறு."

ஆறு மரக்கால் என்றே கொண்டேன். வேறு எப்படிக் கொள்வது? மரக்கால் என்பது படியைவிடப் பல மடங்கு பெரியது. திருமேனியை மூட அவ்வளவு வேண்டும். அதற்கேற்ற அண்டாக்களைப் பக்கத்து ஊரிலிருந்து தருவித்தேன். பௌர்ணமியன்று காலையில் ஒரு சிறு மூட்டை வந்தது. ஆறு படி. அண்டாவின் அடியில் அந்த அரிசி வழி தவறிய பிள்ளையைப்போலக் கிடந்தது. வடித்துச் சாத்தினோம். ஆவுடையாரைத் தாண்டி நடுமேனிவரை வந்து சோறு தீர்ந்துவிட்டது. சந்நிதிமுன் நின்ற ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"சாமிக்கு வேட்டி மட்டும் கட்டிவிட்ட மாதிரில்லா இருக்கு. மேல் துண்டு எங்க போச்சு?"

சந்நிதியே சிரித்தது. நான் வெட்கத்தால் குன்றிப்போனேன். பூசை முடிந்ததும் சின்னவரை மடைப்பள்ளிப் பக்கம் அழைத்துப் போய்க் கேட்டேன்.

"தம்பி, எண்ணுக்குப் பின்னால ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா வாயா தேஞ்சிரும்?"

"அது அசலூர்க்காரன்கிட்டச் சொல்லுதது அண்ணாச்சி. உங்ககிட்டப் போயி ஆறு படின்னு சொன்னா, உங்களை அசலாளா ஆக்குன மாதிரில்லா ஆயிரும்?"

"நான் உள்ளூர்க்காரன்தான். எனக்கு வெளங்கலையே!"

"வெளங்கும். நீங்க பாட்டுப் படிச்ச ஆளு. எதுக்கெடுத்தாலும் பொழிப்புரை கேப்பீங்க."

அத்துடன் அது என் குற்றமாக முடிந்தது. துண்டை உதறிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒரு நாகரிகம் இருந்ததை நான் மறுக்கவில்லை. தனக்கும் கேட்பவர்க்கும் ஒரே மனம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். விளக்கம் கேட்பது உறவை முறிப்பது என்று எண்ணினார். ஆனால் அந்த நாகரிகத்தின் விலையை நாங்களல்லவா செலுத்தினோம்! கடைகளில் கிலோவும் லிட்டரும் வந்து நெடுநாளாகியும் எங்கள் ஊர் வாயில் படியும் மரக்காலும் ராத்தலும் இருந்த காலம் அது. பழையதைப் புதியதாக மாற்றத் தெரியாமல் ஊரே திண்டாடியது. அந்த மாற்றத்தால் ஒரு துன்பமும் அடையாத ஒரே மனிதர் சின்னவர்தான். மாற்றுவதற்கு அவரிடம் ஏது அளவு? வெறும் எண்தானே இருந்தது!

இனி, தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பு. மாட்டுக்கு ஆகும், துணிக்கு ஆகும், மனிதர் வாய்க்கு ஆகாது. குடிநீருக்குப் பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள். கோயில் அபிஷேகத் தண்ணீரும் அங்கிருந்துதான் வண்டியில் வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த ஊராரே குடத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் ஊர் எல்லையில் நல்ல தண்ணீர் சுரந்த இடம் ஒன்றே ஒன்று. சின்னவரும் பெரியவரும் வாலிப வயதில் தங்கள் நிலத்தில் வெட்டிய கிணறு அது. ஓர் அடைமழை ஆண்டில் கரிசல் சரிந்து கிணறு தூர்ந்து, இருந்த இடமே தெரியாமல் மேவிப்போயிற்று. மேலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. எதுவரை நல்லது என்று அண்ணன் தம்பி இருவருக்கும் தெரியும். பெரியவர் போன பிறகு சின்னவர் ஒருவருக்கே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். அரசாங்கத்தில் ஊர்தோறும் ஆழ்துளைக் குழாய் இறக்கிக் கைப்பம்பு வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்முறை வந்தது. சின்னவர் தயங்காமல், அந்தப் பழைய கிணற்றை ஒட்டிய நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல பருத்தி விளையும் மண். ஒருவரும் கேட்காமலே கொடுத்தார். அவர்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு பதிகம் ஓதத் தகுதியற்றதாகிவிடும்.

துளைபோடும் லாரி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அதன் மேஸ்திரி நிதானமானவர்; எதையும் கேட்டுக் கேட்டுச் செய்பவர். அன்று எனக்கு உச்சிக்காலப் பூசை இருந்தது. கோயிலுக்குள் மணி அடிக்கும்போதே வெளியே கம்ப்ரசர் ஓசை எழுந்து, ஊரே அதிர்ந்தது. அந்த ஓசைக்கு நடுவே நடந்ததைப் பின்னால் மேஸ்திரி எனக்குச் சொன்னார்.

சின்னவர் அவர் அருகில் வந்தாராம். எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்று மேஸ்திரி கத்திக் கேட்டாராம். இரைச்சலில் பேச்சு எடுபடவில்லை. சின்னவர் ஒரு கையை விரித்து ஐந்து விரலையும், மறு கையில் மூன்று விரலையும் காட்டினாராம். "எட்டுங்களா?" என்று மேஸ்திரியும் எட்டு விரல் காட்டினாராம். சின்னவர் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாராம். தண்ணீர் வந்ததும் ஊராருக்குக் கொடுக்கக் கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் வாங்கப் போனார்.

துளைபோடுகிறவர்கள் ஆழத்தை ராடு கணக்கில் எண்ணுவார்கள். இறக்குகிற ஒவ்வோர் இரும்புத் தண்டும் பத்தடி. எட்டு என்றால் எட்டு ராடு, எண்பதடி. பாதியைத் தாண்டியபோதே தண்ணீர் கண்டதாம். ஆனாலும் ஊர்க்காரர் எட்டு என்று சொல்லியிருக்கிறாரே, கீழே இன்னும் பெருக்கு இருக்கும் என்று நம்பி, எட்டாவது ராடுவரை இறக்கிவிட்டார்கள்.

மாலையில் சின்னவர் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். குடங்களோடு நின்ற பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஒரு செம்பில் தண்ணீரை நீட்டினேன். வாயில் வைத்தவர் துப்பினார்.

"எட்டுன்னு சொன்னேனே!" என்று மேஸ்திரியிடம் பாய்ந்தார்.

"எட்டுதானுங்க போட்டோம். எட்டு ராடு."

"ராடா? ராடை எவன் கேட்டான்? எட்டு!"

"எட்டு என்னங்க?"

"எட்டுன்னா எட்டுதான்யா!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "விடுங்க மாமா. இனிமே கொழம்புக்கு உப்புப் போட வேண்டாம். அந்த மட்டுக்கும் லாபம்."

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி சொன்னாள்: "ஊறுகா போடலாம்ட்டி. ஊருக்கே போடலாம்."

சிரித்தார்கள். சிரித்த வாயோடு சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். அடுத்த ஊர்ப் பாதையில் நடந்து தேய்ந்த கால்கள் அவை. சின்னவர் கையிலிருந்த பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் கரிசலில் விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

மேஸ்திரி துளையருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"வழி இருக்குதுங்க. நாளைக்கு இன்னோர் ஊருக்குப் போகணும்; ஆனா காலையில கொஞ்ச நேரம் நின்னு செஞ்சு குடுத்துட்டுப் போறேன். களிமண் உருண்டையும் சல்லியும் போட்டுக் கீழேருந்து அடைச்சுக்கிட்டே வரலாம். உப்பு அடியில நின்னுரும். ஆனா எதுவரைக்கும் அடைக்கணும்னு எனக்குச் சரியாத் தெரியோணும். குறைவா அடைச்சா உப்பு ஏறிக்கும். கூட அடைச்சுட்டா நல்ல தண்ணிக் கண்ணும் சேர்ந்து மூடிக்கும். மூடினா மூடினதுதானுங்க. என்னால தோண்டி எடுக்க முடியாது."

எல்லோரும் சின்னவரைப் பார்த்தார்கள். நான் அவர் அருகில் போனேன். கோபத்தை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். இன்னைக்கு ஒரு நாளாவது பொழிப்புரை சொல்லுங்க. எட்டு என்ன?"

அவர் உதடு அசைந்தது. "பாகம்" என்றார்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. பாகம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால், ஒரு கை விரல் நுனியிலிருந்து மறு கை விரல் நுனிவரை உள்ள நீளம். கிணற்றுக் கயிற்றை அப்படித்தான் அளப்பார்கள். மேஸ்திரியின் ஆள் உடனே அளவு நாடாவோடு சின்னவரை நெருங்கினான்.

"கையை விரிங்க ஐயா."

சின்னவர் விரிக்கவில்லை. இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு பின்வாங்கினார்.

"ஏன், என்ன இப்போ?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"என் கை இல்ல."

"பின்னே யார் கை?"

"அண்ணன் கை." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "நான் கெணத்துக்குள்ள நின்னேன். அண்ணன் மேல நின்னு கயித்தை இழுத்து அளந்தாரு. எட்டுலேன்னு குரல் குடுத்தாரு. சரின்னேன். அம்புட்டுதான். அடியா முழமான்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. எனக்கு வெளங்கிருச்சு."

அவர் வாயிலிருந்து இத்தனை வாக்கியம் ஒருசேர வந்து நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததா என்றால், இல்லை. எரிச்சல்தான் பெருகியது. அடியும் முடியும் காட்டாமல், அளவுக்கு எட்டாமல் நிற்க உரிமையுள்ளவன் ஈசன் ஒருவனே. ஒரு கிணற்றை இவர்கள் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்களே! எட்டு இருக்கிறது, பாகம் இருக்கிறது, அந்தப் பாகத்துக்குரிய கைகளோ என்றைக்கோ சாம்பலாகிவிட்டன.

ஊராட்சித் தலைவரின் மைத்துனர் ஒருவர், படித்தவர், முன்னால் வந்தார். "இதுல என்ன இருக்கு? பாகம்னா ஆறடி. எட்டாறு நாப்பத்தெட்டு. போடுங்க, முடிஞ்சுது."

"எங்கண்ணன் ஆறடிக்கு மேல" என்றார் சின்னவர்.

"ஒண்ணு ரெண்டு அடி முன்னப்பின்ன ஆனா என்ன?"

"ஊத்து என் காலடியில இருந்துதான் பொங்குச்சு." சின்னவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "கெணத்தோட அடி மண்ணுலதான் கண்ணு. அதுக்கு மேல அடைச்சா அது செத்துப்போகும்."

மேஸ்திரி நாடாவைச் சுருட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டடி மேலே போனால் அந்த ஊருக்கு இனித் தண்ணீர் இல்லை.

பெரியவரின் உயரம் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார் என்றார் ஒருவர். எந்த வீட்டு நிலைப்படி என்று கேட்டால் தெரியவில்லை. ஒட்டடைக் கம்பு இல்லாமலே ஒட்டடை அடிப்பார் என்றார் மற்றொருவர். இப்படியே அவரை வளர்த்துக்கொண்டு போனார்கள். நான் செவிகளைப் பொத்திக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போது பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் பேசினார். பெரியவரின் மனைவி. அவர் பொதுவில் பேசி எவரும் கேட்டதில்லை.

"கொளுந்தனாரே, பருத்தி மிதிக்கிற அறையில வந்து பாருங்க."

சின்னவர் திரும்பினார். "அங்கன என்ன மதினி?"

"அவிய அதுல நின்னுதான மிதிப்பாவ."

எங்கள் பக்கத்து வீடுகளில் எடுத்த பருத்தியை விற்கும்வரை வைத்திருக்க ஓர் ஒடுங்கிய அறை இருக்கும். பருத்தியைக் கொட்டக் கொட்ட, ஒருவர் உள்ளே நின்று மிதித்து அமுக்குவார். மிதிக்கும்போது கால் புதையும், உடல் தள்ளாடும். சாய்ந்துவிடாமல் இருக்க இரு பக்கச் சுவர்களையும் கைகளால் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

ஊரே அந்த அம்மாளின் பின்னால் நடந்தது. அறை காலியாக, இருட்டாக இருந்தது. கதவை அகலத் திறந்ததும் வெளிச்சம் விழுந்தது. அந்த அம்மாள் உள்ளே போகவில்லை; வாசலில் நின்றே சொன்னார்:

"கையை முழுசா நீட்டினாத்தான் அவியளுக்கு ரெண்டு சொவரும் எட்டும். விரல் நுனிதான் படும், உள்ளங்கை ஊனாது. அதைச் சொல்லிச் சொல்லிக் கோவப்படுவாவ. ஒரு சாண் கொறைச்சுக் கெட்டியிருக்கக் கூடாதான்னு எங்க மாமனாரை ஏசுவாவ."

இரு சுவர்களிலும் தோள் உயரத்துக்குச் சற்று மேலே, சுண்ணாம்பு மங்கி வழுவழுப்பாக, விரல் நுனிகள் பட்டுப் பட்டுப் பதிந்த கறை இருந்தது. மேஸ்திரியின் ஆள் நாடாவின் ஒரு முனையை ஒரு சுவரில் வைத்தான். மறுமுனையை மேஸ்திரி இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

"ஆறடி மூணு அங்குலங்க" என்றார். வாய்க்குள் பெருக்கினார். "எட்டுப் பாகம்னா சுத்தமா அம்பதடிங்க."

சின்னவர் அந்த அறைக்குள் நுழைந்தார். நடுவில் நின்று கைகளை விரித்தார். இரு பக்கமும் சுவர் எட்டவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றார். அதை ஒருவரும் கேலி செய்யவில்லை. பிறகு கைகளை இறக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இத்தனை ஆண்டுகளாக அவர் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது எங்களிடம் அல்ல என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் விளங்கிக்கொள்ள ஒருவர் இருந்தார். அவர் போன பிறகு நாங்கள் வாய்த்தோம், பொழிப்புரை கேட்கிறவர்கள். அதற்காக என் எரிச்சல் தணிந்துவிடவில்லை. அதன் முனை கொஞ்சம் மழுங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விடிந்ததும் வேலை தொடங்கியது. பெண்கள் கரிசல் களியைப் பிசைந்து உருண்டை பிடித்தார்கள். ஊறுகாய் போடலாம் என்று சொன்னவள்தான் முதல் ஆளாக முழங்கைவரை சேற்றில் இருந்தாள். உருண்டைகளையும் சல்லியையும் போடப் போட, மேஸ்திரி இரும்புக்குண்டு கட்டிய கயிற்றை உள்ளே இறக்கி, அது போய் நிற்கும் இடத்தை நாடாவால் அளந்தார். சின்னவர் துளையின் விளிம்பில் குந்தியிருந்தார்.

"எத்தனை?" என்று கேட்டார்.

"எழுபத்திரண்டு அடிங்க."

மேலும் களி விழுந்தது. "எத்தனை?"

"அறுபத்தஞ்சு அடிங்க." மேஸ்திரி ஒருமுறைகூட அடியை விடவில்லை. அவர் என் உறவினராகப் பிறக்கவில்லையே என்று ஏங்கினேன்.

இன்னும் களி, இன்னும் சல்லி. வெயில் ஏறியது. சின்னவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எத்தனை அடி?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் சொல் பயந்து திரும்பிப் போய்விடுமோ என்று தோன்றியது.

ஐம்பதுக்குச் சற்று முன்னாலேயே மேஸ்திரி உருண்டைகளைச் சிறிதாகப் பிடிக்கச் சொன்னார். குண்டை இறக்கினார், அளந்தார், மீண்டும் இறக்கினார், மீண்டும் அளந்தார். கையைத் தூக்கினார். "போதுங்க. அம்பதடி."

களி இறுகுவதற்கு நேரம் விட்டுக் கம்ப்ரசரை ஓட்டினார்கள். முதலில் காற்று வந்தது. பிறகு சேறு சீறியது. எல்லோர்மேலும் கரிசல் மழை பொழிந்தது. மேஸ்திரி கலங்கல் போகட்டும் என்று கைகாட்டிக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்லத் தண்ணீர் வெளுத்தது.

நான் அபிஷேகச் செம்புக்குடத்தோடு காத்திருந்தேன். ஊரில் முதல் தண்ணீர் சுவாமிக்கு என்பது முறை. ஒருவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடத்தை நீட்டப் போனேன். சின்னவர் என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, எவளோ ஒருத்தியின் பித்தளைச் செம்பைப் பிடுங்கித் தண்ணீர் பிடித்தார். தான் குடிக்கவில்லை. நேரே மதினியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு செம்பு முழுவதையும் குடித்து முடித்தார்.

"கரிக்கல" என்றார். "அவிய வெட்டுன தண்ணிதான்."

சின்னவர் வெறும் செம்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு குடங்களோடு முண்டினார்கள். களிபடிந்த கைகளால் ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். எனக்கு இடம் கிடைக்கச் சற்று நேரமாயிற்று.

அன்று சுவாமிக்கு முதல் தண்ணீர் கிடைக்கவில்லை. அவன் பொறுத்துக்கொண்டான். நானும்.